காற்று போகும், வெளிச்சம் தெரியாது

போன வாரம் எங்கள் நியூ ஜெர்சி பார்சிப்பனி தமிழர்களின் ஃபோன் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். கராஜின் கூரை ஓரம். அடிப்பலகை கறுத்துப் பிய்ந்து ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. “அங்கிள், சாஃபிட் இத்துப் போச்சு. வைனில் போடலாமா, அலுமினியம் போடலாமா? வீடியோவுல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க வருஷக்கணக்கா இதே வேலை பார்த்தவர். ஒரே வரியில சொல்லிடுங்க.”

ஒரே வரியில் சொல்லலாம். எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் விரல் தன்பாட்டுக்கு மேஜையை இரண்டு தட்டு தட்டியது. தட்டிவிட்டுக் காத்திருந்தேன். மேஜை எங்கே பதில் சொல்லும்? என் மனைவி பார்த்துவிட்டு, “மறுபடியும் அந்தக் கராஜா?” என்று கேட்டாள். ஆமாம், அந்தக் கராஜேதான். தம்பி பொறுத்துக்கொள்ளட்டும், இந்தத் தடவை ஒரே வரியில் முடியாது.

நான் நாகர்கோவில்காரன். சிவில் டிப்ளமா படித்து, பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்தவன். என் மனைவி நர்ஸ். அவளுக்கு ஜெர்சி சிட்டியில் வேலை கிடைத்து, 1991இல் அவள் பின்னால் நான் வந்து இறங்கினேன். ஊரில் கொத்தனார்களை விரட்டி வேலை வாங்கியவனுக்கு இங்கே ஏணியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. நாற்பது வயதில் ஏறினேன். பார்சிப்பனி பக்கம் வீட்டு வெளிப்புற ரிப்பேர் வேலை செய்யும் ஒரு சின்ன கம்பெனி. வைனில் என்கிற பிளாஸ்டிக் பலகையை வெட்டவும் ஆணி அடிக்கவும் பழக ஒரு வருஷம் ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு விரல் நசுங்கியதைத் தவிர.

முதலாளி கேரல் என்னைவிடப் பத்து வயது சின்னவள். எந்தக் காலத்திலும் ஒரே பிரவுன் கோட்டு, வாயில் ஒரு பென்சில். குரலை உயர்த்தவே மாட்டாள். கோபம் வந்தால் பென்சிலைக் கடிக்கும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். எந்த வேலைக்குப் போனாலும் ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு கேள்விகளை எழுதி என் சட்டைப் பையில் செருகுவாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்று எந்த வழியாகப் போகும்? இரண்டுக்கும் பதில் எழுதாமல் எந்தப் பலகை போடலாம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. “வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று மட்டும் எழுதாதே. வீட்டுக்காரர் சொல்வது அவருடைய ஆசை” என்பாள்.

சாஃபிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கூரை சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும் பகுதியை நாம் இறவாரம் என்போம். அதன் அடிவயிற்றை மூடும் பலகைதான் சாஃபிட். அது வழியாகக் காற்று உள்ளே போய்க் கூரையின் உள்பக்கத்தை உலர்த்த வேண்டும். அதைப் பார்க்கும் முறையைக் கேரல் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதலில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு. நல்ல மரம் ‘டக்’ என்னும், இத்துப்போனது ‘தொப்’ என்னும். அடுத்து, உளி முனையால் குத்திப் பார்க்க வேண்டும். வெளிமழையில் அழுகியது வெளி ஓரத்தில் தொடங்கும். உள் ஈரத்தில் அழுகியது சுவர்ப்பக்கம் தொடங்கும், அடியில் பெயிண்ட் புதுசு போலவே இருக்கும். கடைசியாக ஒரு ஊதுபத்தி. ஆமாம், நம் ஊதுபத்திதான். புகை விடும் விலைகூடிய குழாய் ஒன்றைக் கேரல் இதற்கென்று வைத்திருந்தாள். நான் ஒருநாள் மல்லிகை ஊதுபத்தி கொண்டுபோய்க் கொடுத்தேன், அன்றோடு அந்தக் குழாயைத் தூர எறிந்துவிட்டாள். இடுக்கருகே பத்தியைப் பிடித்தால் புகை உள்ளே இழுபட வேண்டும். இழுபட்டால் கூரை மூச்சு விடுகிறது என்று அர்த்தம்.

தொண்ணூற்றாறோ தொண்ணூற்றேழோ, ஒரு நவம்பர் மாதம் சண்முகம் கூப்பிட்டார். ஈரோட்டுப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. மனைவி ராதிகா, மூன்று மாதக் கைக்குழந்தை. வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற பழைய கராஜ், மேலே சாமான் போட ஒரு பரண். தெருப்பக்கத்து இறவாரம் நன்றாகத்தான் இருந்தது. பின்பக்கம், மரங்களைப் பார்த்த பக்கம் மட்டும் முழுக்க இத்துப்போயிருந்தது.

“ஓட்டையே இருக்கக் கூடாதுங்ணா” என்றார் சண்முகம். “சுத்தமா சீல் பண்ணிடுங். தேனீ வருது, அணில் வருது. ரெண்டு பக்கமும் ஒரேயடியா மூடிடுங்.”

தட்டினேன். தொப். உளியால் குத்தினேன். டீயில் நனைத்த ரஸ்க்கு போல முனை இறங்கியது. சுவர்ப்பக்கம்தான் அதிகம். ஆக, ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன், மூலையில் ஒரு கேஸ் அடுப்பு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் ஆட்கள் வீட்டுக்குள் தாளிக்கிற வாசம் தங்கும் என்று கராஜில் அடுப்பு வைப்பது எனக்குத் தெரியாதா? வீட்டைச் சோதிக்க வரும் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் மண்டையை உடைத்துக்கொள்ளும் இடத்தில் நமக்கு ஒரே நொடியில் விடை கிடைத்துவிடும். இட்லி ஆவி, சாம்பார் ஆவி எல்லாம் பரணுக்கு ஏறி, இறவாரத்தை ஊறவைத்திருக்கிறது.

“முன்னாடி சமைச்சோங்ணா, இப்ப இல்ல” என்றார் சண்முகம். அடுப்பில் ஒட்டடை படிந்திருந்தது. பரணுக்கு ஏறும் கதவைக் காட்டி, “அது ஸ்டக் ஆயிருச்சுங், திறக்க வராது” என்றார். நானும் விட்டுவிட்டேன். கேரலின் காகிதத்தில், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு ‘பழைய சமையல்’ என்று எழுதினேன். ஒட்டடை படிந்த அடுப்பு இந்த வருஷத்து ஈரத்தைத் தராது என்று ஓவர்சியர் மூளைக்கு அப்போது உறைக்கவில்லை. எல்லாம் தெரியும் என்ற திமிர் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் நாள் பழைய பலகைகளைப் பிரித்தேன். பின்பக்கத்தில் முதல் பலகை கையோடு வந்ததும் முகத்தில் காற்று அடித்தது. வெதுவெதுப்பாக. வெளியே மூச்சு விட்டால் புகையாகப் போகிற குளிர். சூடு இல்லாத கராஜ். காற்றில் கெரசின் வாசமும் தலைவலித் தைல வாசமும் கலந்திருந்தன. உள்ளே தெரிந்த ஆணி முனை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது. கூரைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கு நெடுக துணி அடைத்திருந்தது. ஒன்றை உருவினேன். நம் ஊர்க் கோடு போட்ட துண்டு, நீளவாக்கில் கிழித்து, அழகாக மடித்திருந்தது. அணில் மடிக்காது. ஆனால் பழைய காலத்துக் குளிருக்கு யாரோ அடைத்தது என்று சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் உருவிக் கீழே போட்டேன்.

மறுநாள் காலை ஏணியில் ஏறினால் இடுக்கு முழுக்கத் துணி. இந்தத் தடவை பழைய சட்டைத் துணி. அதே மடிப்பு.

கீழே இறங்கிப் போய் சண்முகத்திடம் கேட்டேன். “ராத்திரி யாராவது கராஜுக்குப் போனீங்களா?”

“இல்லீங்ணா. பூட்டித்தான் கிடக்குது.”

சமையலறை ஜன்னலில் ராதிகா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கராஜின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையசைத்தேன், திரைச்சீலை மூடியது.

எனக்குப் பேய்பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அன்று ஏணியில் ஏறும்போது சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்த ஜெபம் வாயில் தானாக வந்தது. சுவரோரம் நீண்ட சட்டம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவர் பிடியால் இரண்டு தட்டு தட்டினேன்.

உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது.

எதிரொலி என்று நினைத்து மூன்று தட்டினேன். சற்று இடைவெளி விட்டு மூன்று வந்தது. வேலை செய்கிறவனுக்குப் பயம் வந்தால் இரண்டில் ஒன்றுதான் செய்வான். நிறுத்துவான், அல்லது வேகமாக முடிப்பான். நான் வேகமாக முடித்தேன். வீட்டுக்காரர் கேட்டபடி ஓட்டையில்லாத வைனில். முன்பக்கம் முழுக்க, பின்பக்கம் ஒரு பலகை நீங்கலாக. இருட்டுவதற்குள் பதினெட்டுப் பலகை. அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்பும் வேலை செய்ததில்லை, பின்பும் செய்ததில்லை.

மூன்றாம் நாள் மிச்சம் ஒரே ஒரு பலகை. கேரலின் பழக்கம், கடைசிப் பலகையை மூடுமுன் ஊதுபத்தி. பத்தியைக் கொளுத்தி இடைவெளி அருகே பிடித்தேன். புகை உள்ளே போகவில்லை. என் முகத்துக்கே திரும்பி வந்தது. தொடர்ந்து, மெதுவாக, சூடாக. ஆளில்லாத கராஜின் கூரைக்கு வெளியே தள்ள ஏது சூடு? அப்போதுதான் என் மண்டையில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. கெரசின், தைலம், ஆணி முனை ஈரம், மடித்த துணி. கெரசின் ஹீட்டர் எரிய எரியத் தண்ணீரை ஆவியாக விடும். மூடிய இடத்தில் ஒரு விஷவாயுவையும் விடும். அதற்கு வாசமே கிடையாது. முதலில் தலை வலிக்கும், அப்புறம் தூக்கம் வரும். குளிர்காலத்தில் அப்படி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றி என் மனைவி சொல்லியிருக்கிறாள். சிலரை எழுப்ப முடிந்தது.

இரண்டு தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு தட்டு வந்தது, மிக மெதுவாக.

இடைவெளியில் வாயை வைத்து, “யாரு உள்ள?” என்றேன்.

அரை முழம் தூரத்தில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல். “தலை வலிக்குதுங்ணா.”

இன்றைக்கும் அந்த ‘ங்ணா’தான் என்னைத் தூங்கவிடாது. சாகக் கிடக்கிறவன் மரியாதை குறையாமல் சொன்னான்.

“ஹீட்டர அணை! துணி பூராவும் எடு! கேக்குதுல்லா? எல்லாத்தையும் எடு!” என்று கத்தினேன். கத்திக்கொண்டே கொக்கியால் நான் மாட்டிய பலகைகளைப் பிய்த்தேன். பதினெட்டும் புல்வெளியில் விழுந்தன. உள்ளே துணி உருவப்படுவது தெரிந்தது. கடைசித் துணி போகும்போது ஒரு கை தெரிந்தது, மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. பிறகு இருமல். அந்த இருமலைக் கேட்டு நான் ஏணியிலேயே அழுதுவிட்டேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்த சண்முகம் புல்வெளியில் கிடந்த வைனிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமில்லை.

“யாரும் இல்லீங்ணா உள்ள” என்றார். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

“சரி, இல்ல” என்றேன். “இல்லாத ஆளுக்கும் மூச்சு வேணும்லா.”

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு பாதி பாதியாகச் சொன்னார். ராதிகாவின் தம்பி. விசிட்டர் விசாவில் வந்தவன், தேதி தாண்டிவிட்டது. இவர்களுடைய கிரீன் கார்டு கடைசிக் கட்டத்தில் நின்றது. எல்லாரிடமும் அவனை ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லியாகிவிட்டது. சனி ஞாயிறு ஆட்கள் வருகிற வீட்டில் அவனை எங்கே வைப்பது? இத்துப்போன பலகை வழியாக ராத்திரி வெளிச்சம் தெரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டிருக்கிறாள். தேனீயும் அணிலும் அதற்குச் சொன்ன பொய்.

மதியம் கேரல் வந்தாள். புது வைனில் புல்வெளியில் கிடப்பதைப் பார்த்தாள். ஏணியில் ஏறி ஆணி முனைகளைப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். என் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ‘பழைய சமையல்’ என்பதைப் படித்தாள். பென்சில் கடிபட்டது.

“எத்தனை பேர்?” என்றாள்.

“ஒருவர்.”

ஏணியின் கீழேயே நின்று இரண்டு பேரும் பலகையைத் தேர்ந்தெடுத்தோம். என் வாழ்க்கையில் ஒரு மெட்டீரியலுக்காக அவ்வளவு நேரம் யோசித்ததில்லை. பிளைவுட் மறுபடி ஊறும். சிடார் அழகு, ஆனால் காற்றுக்கென்று தனியாக வெட்ட வேண்டும். சிமெண்டும் மரநாரும் கலந்த பலகை அழுகாது, ஆனால் இந்தப் பழைய சட்டங்களுக்குக் கனம் அதிகம். நேர்த்துளை போட்ட அலுமினியம் காற்றை விடும், கூடவே விளக்கு வெளிச்சத்தையும் விடும். வெளிச்சம் தெரிந்தால் இவர்கள் மறுநாளே டேப் ஒட்டி அடைப்பார்கள். கடைசியில் கேரல் வண்டியிலிருந்து ஒரு சாம்பிள் எடுத்து வந்தாள். அலுமினியம்தான், ஆனால் நடுவே ஒரு பட்டையில் ஜன்னல் மறைப்பு போலச் சாய்ந்த இதழ்கள்.

அதைச் சண்முகத்தின் கையில் கொடுத்தேன். “இத போட்டா காத்து போகும், வெளிச்சம் தெரியாது” என்றேன்.

அவர் அதைத் தூக்கி வானத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். “தெரியலீங்ணா” என்றார். “இதையே போடுங்.”

இரண்டு பக்கமும் அதையே போட்டோம். காற்று கீழ்வழியே உள்ளே வந்தால் மட்டும் போதாது, மேலே வெளியேறவும் வேண்டும் என்று கூரை உச்சியில் கேரலே ஏறி நெடுக வெட்டிக் காற்றுவழி வைத்தாள். மூடுமுன் ஊதுபத்தி பிடித்தேன். புகை சுருள் சுருளாக உள்ளே இழுபட்டது. உள்ளே யாரோ மல்லிகை வாசத்தை ஆழமாக இழுப்பது கேட்டது.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்த எண்ணெய் ஹீட்டரை, புகை இல்லாத மின்சார ஹீட்டரை, எடுத்துப்போய் ராதிகாவிடம் கொடுத்தேன். “இது கராஜுக்கு” என்றேன். அவர் வாங்கிக்கொண்டு, “ரொம்ப நன்றிங்ணா” என்று கண்கலங்கினார். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: “அந்தப் பையன கண்ணால பாத்தியளா?”

“இல்ல.”

“போய்ப் பாத்துட்டு வாங்க. தலைவலி நின்னுச்சான்னு கேக்கணும்லா.”

போகவில்லை. அடுத்த வீட்டு மானம், நாம் மூக்கை நுழைக்கக் கூடாது, போனால் அவர்கள் குறுகிப்போவார்கள் என்றெல்லாம் அவளிடம் விளக்கினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை. சரியான மெட்டீரியல் போட்டாகிவிட்டது, ஹீட்டரும் கொடுத்தாகிவிட்டது. வேலை முடிந்தது.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு ஜூலை மாதம், ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் ஒரு மளிகைக் கடைக்குக் கேரலுக்காக ஊதுபத்தி வாங்கப் போனேன். கல்லாவில் ஆளில்லை. காத்திருந்த சலிப்பில் விரல் முட்டியால் கல்லா மேஜையை இரண்டு தட்டு தட்டினேன்.

அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு தட்டு வந்தது.

மூன்று தட்டினேன். மூன்று வந்தது. பிறகு ஒரு ஆள் எழுந்து வந்தான். முப்பது வயதிருக்கும். ஜூலையில் ஸ்வெட்டர் போட்டிருந்தான். மணிக்கட்டில் சிவப்புக் கயிறு.

“தம்பி…” என்றேன்.

“குரல் மறக்கலீங்ணா” என்றான். சிரித்தான். பேப்பர் பிரச்சனையை எல்லாம் ஒரு வக்கீல் மூலம் ஒருவாறு சரி பண்ணிக்கொண்டதாகவும், அக்கா குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டதாகவும் சொன்னான். எனக்கு மனசு நிறைந்துபோனது. அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“ஹீட்டர் கொடுத்தனுப்பினேன்லா, சூடு போதுமானதா இருந்துச்சா?”

“ஹீட்டருங்களா?” கொஞ்சம் யோசித்தான். “ஓ… அது குழந்தை ரூம்ல இருந்துச்சுங்ணா. குழந்தைக்குச் சளி.”

“அப்ப நீ?”

“நீங்க அணைன்னீங்க, அணைச்சுட்டனுங்க. துணிய எடுன்னீங்க, எடுத்துட்டனுங்க. அப்புறம் அடைக்கவே இல்லீங்க. ரெண்டு கம்பளி இருந்துச்சு.” ஊதுபத்திக் கட்டை ஒரு பையில் போட்டு, பையின் வாயை மடித்தான். அதே மடிப்பு. “அந்த வருஷம் என்கிட்ட பேசுன வெளியாள் நீங்க ஒருத்தர்தானுங்க. அதனால தினமும் காலையில அந்தத் தகரத்துல ரெண்டு தட்டு தட்டுவனுங்க. ஏணி சத்தம் கேக்குதான்னு பார்ப்பேன்.”

“எத்தன நாள்?”

“மார்ச் வரைக்குங்ணா.”

பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று அந்தக் குழுத் தம்பிக்குப் பதில் போட்டேன். அலுமினியம், சாய்ந்த இதழ் வைத்தது. உச்சியிலும் காற்றுவழி வேண்டும். பழைய பலகையைப் பிரிக்குமுன் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். பலகை போட்ட பிறகு இன்னொரு நாள் போய் மறுபடியும் தட்டுங்கள்.